தேய்மானம் தெரியவந்த விதம்: ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட்டும்

காரின் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதா, மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டதா என்னும் கேள்வி மோட்டார் வண்டியின் வரலாறு நெடுகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அதற்கு விடை காண மனிதர்கள் கையாண்ட வழிகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. தொடக்க காலத்து ஓட்டுநர் ஒரு திருகை முறுக்கிப் பார்த்தே தன் வண்டியின் நிலையை அறிந்தார். அவருடைய பேரன் காலத்தில் அந்தத் திருகு மறைந்து, பற்றவைத்து மூடப்பட்ட உருக்குக் குழல் ஒன்று அதன் இடத்தைப் பிடித்தது. தேய்மானம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்த மாற்றமே, பின்னாளில் சோதனைக் கருவிகளும் கிலோமீட்டர்க் கணக்குகளும் வழக்குகளும் தோன்றக் காரணமாயிற்று. இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் சொகுசின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் தேய்மானத்தை யார், எதைக் கொண்டு தீர்மானித்தார்கள் என்பதும் அதே அளவு கவனிக்கத்தக்கது.

வண்டிக்கும் சக்கரத்துக்கும் இடையே வில் வைக்கும் வழக்கம் மோட்டாருக்கு முந்தியது. லண்டன் நகரத்து வண்டித் தொழிலாளரான ஒபதையா எலியட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள்வட்ட வடிவப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றபின், குதிரை வண்டிகளின் அடிப்பாகம் இலகுவாயிற்று. தமிழகத்தில் வசதி படைத்தோர் வைத்திருந்த வில் வண்டியும் இதே வகைப் பட்டைகளின் மீது அமர்ந்ததுதான். வில் என்பது அடியை வாங்கிச் சேமித்து வைக்கும் பொருள். சேமித்ததை அது திருப்பித் தந்தே தீரும். பள்ளத்தில் அமுங்கிய வில் மேலெழும்பும்போது வண்டி ஊஞ்சல் போல் பலமுறை ஆடி, பின்பே அடங்குகிறது. இவ்வாட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிச் சீக்கிரம் அடக்குவதைத் தணிப்பு என்பர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் அசையும்போது ஒன்றோடொன்று உரசுவதால், பட்டை வில் தனக்குத் தேவையான தணிப்பில் ஒரு பகுதியைத் தானே தந்துகொண்டது. குதிரையின் வேகத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

மோட்டார் வண்டிக்கு அது போதவில்லை. வேகம் கூடியபோது ஒரு பள்ளத்தின் ஆட்டம் அடங்குமுன் அடுத்த பள்ளம் வந்து சேர்ந்தது. சக்கரம் சாலையை விட்டு எழும்பியது. எழும்பிய சக்கரத்தால் திரும்பவோ நிறுத்தவோ இயலவில்லை. பிரான்ஸ் நாட்டின் ட்ரூஃபோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைக்கிளுக்காக உருவாக்கிய உராய்வுக் கருவியை அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு வளர்த்தெடுத்து, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்ட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல் போல் விரிந்து மூடும் இரண்டு கைகளும், அவை கூடும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட உராய்வு வட்டுகளும் கொண்டது அது. ஒரு கை சேசிஸிலும் மறு கை அச்சிலும் பொருத்தப்பட்டிருந்ததால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வட்டுகள் உரசி ஆட்டத்தை அடக்கின.

இக்கருவியின் தேய்மானத்தில் ஒளிவுமறைவு இல்லை. நடுவில் உள்ள நட்டை முறுக்கினால் பிடிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். வட்டுகள் தேயத் தேய வண்டியின் ஆட்டம் கூடும். உரிமையாளரோ அவர் அமர்த்திய ஓட்டுநரோ ஸ்பானரை எடுத்துச் சற்றே முறுக்குவார். முறுக்கியும் பயனில்லை என்னும் நாளில் வட்டுகளை மட்டும் மாற்றுவார். கருவி முழுவதையும் தூக்கி எறிய வேண்டிய தேவை எழவில்லை. ஈரமான நாளில் ஒரு பிடிப்பும் உலர்ந்த நாளில் வேறு பிடிப்பும் காட்டும் அதன் குணத்தையும், நாள்தோறும் அதே வண்டியில் அமர்ந்தவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

அதே காலத்தில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் கிளாட் ஃபாஸ்டர் உருவாக்கிய கேப்ரியல் ஸ்னப்பர் இன்னும் எளிய கருவி. உறைக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு வார்ப்பட்டை, வில் அமுங்கும்போது தளர்ந்து சுருளும்; வில் எழும்பும்போது இழுபட்டு உரசி, எழுச்சியைத் தடுக்கும். வார் நைந்துவிட்டால் அது கண்ணுக்கே தெரிந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்ட ஃபோர்டின் மாடல் டி கார் ஷாக் அப்சார்பர் ஏதுமின்றியே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. ஆகையால் வாங்கியவர்கள் பிற்பாடு தாமாகப் பொருத்திக்கொள்ளும் ஸ்னப்பர்களுக்கும் துணை வில்களுக்கும் பெரும் சந்தை உருவாயிற்று. அந்நாளில் ஷாக் அப்சார்பர் வண்டியோடு வரும் உறுப்பாக இராமல், வாங்குபவர் தன் விருப்பத்துக்கும் சாலைக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளும் துணைப்பொருளாக இருந்தது. எதை எப்போது மாற்றுவது என்பதும் அவர் பொறுப்பிலேயே இருந்தது.

உராய்வுக் கருவியின் குறை அதன் இயல்பிலேயே அமைந்தது. அசையாமல் நிற்கும் இரண்டு பரப்புகளை அசைக்கத் தொடக்கத்தில் அதிக விசை வேண்டும். அசையத் தொடங்கியபின் விசை குறைந்துவிடும். எனவே சிறு கல் தட்டினாலும் வண்டி விறைப்பாகக் குலுங்கியது; தடையாக நிற்க வேண்டிய பெரும் பள்ளத்திலோ பிடிப்பு போதவில்லை. எண்ணெயின் இயல்பு இதற்கு நேர்மாறானது. சிறு துளை வழியே எண்ணெயை மெல்லத் தள்ளினால் அது எளிதில் வழிவிடும்; விரைந்து தள்ளினால் எதிர்ப்பு மிகும். பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஹூடே இதைப் பயன்படுத்தி, வட்ட வடிவ உறைக்குள் எண்ணெயில் சுழலும் தகடு கொண்ட கருவியை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்தார். மாடல் டி காரை அடுத்து 1927இன் இறுதியில் வெளிவந்த மாடல் ஏ காரில் ஃபோர்டு இந்த ஹூடே கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது; விலை குறைந்த காரிலும் ஷாக் அப்சார்பர் வண்டியோடு சேர்ந்த உறுப்பாக மாறியது அப்போதுதான்.

ஆனால் இதுவும் திறந்து பார்க்கத்தக்க கருவியாகவே இருந்தது. திரவம் குறைந்தால் ஊற்றிக்கொள்ளத் துளை இருந்தது. தணிப்பைக் கூட்டவும் குறைக்கவும் எண்கள் பொறித்த திருகு இருந்தது. இதன் வழியில் வந்த நெம்புகை வகை ஷாக் அப்சார்பர்கள், அதாவது ஒரு கையை அசைப்பதன்மூலம் உள்ளிருக்கும் சிறு பிஸ்டன்களை இயக்குபவை, பிரிட்டிஷ் கார்களில் நெடுங்காலம் நிலைத்தன. 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனரில் முன்புற ஷாக் அப்சார்பரின் கையே சக்கரத்தைத் தாங்கும் மேல் இணைப்பாகவும் அமைந்திருந்தது. இலங்கையில் அக்கார் பல பத்தாண்டுகள் அன்றாடப் பயன்பாட்டில் நீடித்தது. அத்தகைய காரை வைத்திருந்தவருக்கு எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதும் குறைந்ததை ஊற்றுவதும் என்ஜினுக்கு ஆயில் பார்ப்பது போன்ற வழக்கமான வேலைதான். ஊற்றிய எண்ணெய் சில வாரங்களிலேயே மறைந்துபோனால் தண்டின் சீல் போய்விட்டது என்பது தெரிந்துவிடும். அதற்குத் தனிக்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையே வில்லின் தன்மையே மாறத் தொடங்கியது. ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் மோரிஸ் ஓலி 1930இல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவுக்கு வந்து, காரின் முன்னும் பின்னும் எடைகளை இடம் மாற்றி வைத்து ஆட்டத்தின் தன்மையை ஆராயும் சோதனை வண்டி ஒன்றை அமைத்தார். முன்புற வில் பின்புற வில்லைவிட மென்மையாக இருந்தால், ஒரே மேட்டை முன்னும் பின்னும் அடுத்தடுத்துக் கடக்கையில் காரின் ஆட்டம் விரைவில் சமநிலைக்கு வந்துவிடும் என்பது அவர் நிறுவிய முக்கியமான முடிவு. 1934ஆம் ஆண்டு மாடல்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் அமைப்பை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தபோது, பட்டை வில்லின் இடத்தைச் சுருள் வில் பிடித்தது. சுருள் வில்லில் பட்டைகள் இல்லை, உராய்வும் இல்லை. அதனால் தணிப்பின் முழுச் சுமையும் ஷாக் அப்சார்பர் மேல் விழுந்தது. முன்பு அது தேய்ந்தால் சொகுசு குறைந்தது. இனி அது தேய்ந்தால் கார் கட்டுக்கு அடங்காது. மாற்றும் கேள்வி பாதுகாப்பின் கேள்வியாக உருமாறியது இந்த இடத்தில்தான் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

அதே 1934இல் செவ்ரலே கார்களில் பொருத்தப்பட்ட டூபோனே வகை அமைப்பு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. ஆந்த்ரே டூபோனே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த அவ்வமைப்பில் வில்லும் தணிக்கும் பாகங்களும் எண்ணெய் நிரம்பிய ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டிருந்தன. எண்ணெய் கசிந்து குறைந்தால் தணிப்பும் குறையும், உள்பாகங்களும் தேயும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு உறை மட்டுமே தெரியும். ஒழுங்காக எண்ணெய் ஊற்றிப் பராமரிக்காதவர்கள் தொல்லைக்குள்ளானார்கள். 1939இல் செவ்ரலே அதைக் கைவிட்டு, வெளிப்படையாகப் பிரிந்து நிற்கும் இரட்டைக் கை அமைப்புக்கு மாறிற்று. மூடி வைத்த பாகத்தை மக்கள் மறந்துவிடுவார்கள் என்பதை அந்த ஐந்தாண்டு அனுபவம் காட்டியது.

எனினும் தொழில்துறை போன திசை மூடுவதன் திசையே. மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரில் 1916இல் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு செய்யும் தொழிலாகத் தொடங்கிய மன்ரோ நிறுவனம் 1920களில் ஷாக் அப்சார்பருக்குத் திரும்பியது; இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நேர்க்குழல் வகை ஷாக் அப்சார்பர், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு சுருங்கும் குழல்களைக் கொண்ட வகை, அமெரிக்கக் கார்களில் பரவலாயிற்று. அதன் உள்ளமைப்பு எளியது. எண்ணெய் நிரம்பிய உள்குழலில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. பிஸ்டனில் உள்ள வால்வுகளும் குழலின் அடியில் உள்ள வால்வும் எண்ணெயைக் குறுகிய வழிகளில் கடக்க விடுகின்றன. தண்டு உள்ளே வரும்போது இடம்பெயரும் எண்ணெய், உள்குழலைச் சூழ்ந்த வெளிக்குழலில் போய்த் தங்குகிறது. மலிவாகச் செய்யலாம், எந்த வண்டியிலும் பொருத்தலாம், எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. எண்ணெய் ஊற்றும் துளையும் இறுக்கும் நட்டும் இல்லாமற்போனதால், அதைப் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் இல்லாமற்போயிற்று. போனால் மாற்ற வேண்டும். போயிற்றா என்பதை எவ்வாறு அறிவது?

உள்ளே நடப்பது மெல்ல நடக்கிறது. வால்வின் மெல்லிய தகடுகள் கோடிக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து விறைப்பை இழக்கின்றன. பிஸ்டனைச் சுற்றிய வளையம் தேய்ந்து, எண்ணெய் வால்வைத் தவிர்த்து ஓரமாக நழுவிச் செல்கிறது. தண்டின் மீதுள்ள குரோமியப் பூச்சில் கல் பட்டுக் குழி விழுந்தால் அது சீலை அறுக்கிறது. சீல் போனால் எண்ணெய் கசிகிறது. ஒரேயடியாக உடைந்தால் ஓட்டுநர் உடனே உணர்வார். மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தணிப்பு குறைந்தால், அவரும் சிறிது சிறிதாக அதற்குப் பழகிவிடுகிறார். பிரேக் போடும்போது முன்பக்கம் குனிவதும், வளைவில் உடல் சாய்வதும் அக்காரின் குணம் என்றே எண்ணிக்கொள்கிறார். தினமும் ஓட்டுபவரைவிட, எப்போதாவது ஒருமுறை அந்தக் காரில் ஏறுபவர் தேய்மானத்தை முதலில் உணர்வதும் இதனால்தான்.

பட்டறைகள் இதற்குக் கண்ட வழி, உலகெங்கும் பரவிய அமுக்கிப் பார்க்கும் சோதனை. காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டால், நல்ல நிலையில் உள்ள ஷாக் அப்சார்பர் அதை ஒருமுறை எழும்பவிட்டு அடக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் மாற்ற வேண்டும் என்பது விதி. மென்மையான வில்லும் கனத்த உடலும் கொண்ட 1950களின் அமெரிக்கக் கார்களுக்கு இது ஓரளவு பொருந்தியது. ஆயினும் அதன் எல்லை குறுகியது. கையால் அழுத்தும்போது காரின் உடல் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை என்ற கணக்கில் ஆடுகிறது. பிஸ்டனும் மெல்லவே நகர்கிறது. சாலையில் ஓடும் சக்கரத்துக்கு இன்னோர் ஆட்டமும் உண்டு; டயருக்கும் வில்லுக்கும் இடையே சிக்கிய சக்கரம் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை வரை துள்ளக்கூடியது. டயர் சாலையைப் பற்றியிருப்பதும், ஒரே டயரின் பரப்பில் மேடும் பள்ளமுமாகத் தேய்வு விழுவதும் இந்த இரண்டாம் ஆட்டத்தைப் பொறுத்தவை. கை அழுத்தம் அதைத் தொடுவதே இல்லை. எனவே அச்சோதனையில் தோற்ற ஷாக் அப்சார்பர் தேய்ந்தது என்று சொல்லலாம். தேறியதை நல்லது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஒருபக்கத் தன்மையை நெடுங்காலம் பட்டறைகள் கண்டுகொள்ளாமல் இருந்தன.

இந்நிலையில்தான் ஸ்ட்ரட் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் 1891இல் பிறந்த ஏர்ல் மெக்ஃபர்சன், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் செவ்ரலேயின் கேடட் என்ற சிறிய காரை வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1,000 டாலருக்குள் விற்க வேண்டும் என்பது அக்காருக்கு விதிக்கப்பட்ட இலக்கு. விலையைக் குறைக்க வேண்டுமானால் பாகங்களைக் குறைக்க வேண்டும். ஷாக் அப்சார்பரையே கனமாகவும் உறுதியாகவும் செய்து, அதைச் சுற்றிச் சுருள் வில்லை அமைத்து, அடியில் சக்கரத்தை இணைத்துவிட்டால், மேற்புறத் தாங்கு கையே தேவையற்றுப் போகும் என்பது அவர் கண்ட தீர்வு. 1947இல் கேடட் திட்டம் கைவிடப்பட, அவர் ஃபோர்டுக்குச் சென்றார். பிரான்ஸில் ஃபோர்டு தயாரித்த வெடெட் காரிலும், 1950இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கான்சல், ஸெஃபர் கார்களிலும் அவ்வமைப்பு இடம்பெற்றது.

ஸ்ட்ரட்டுக்கும் சாதாரண ஷாக் அப்சார்பருக்கும் உள்ள வேறுபாடு தேய்மானத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குவதோடு நின்றுவிடுகிறது. அதைக் கழற்றினாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ஸ்ட்ரட்டோ வண்டியின் எடையைத் தாங்குகிறது, சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தானும் திரும்புகிறது. பிரேக்கும் வளைவும் அதன் தண்டைப் பக்கவாட்டில் வளைக்க முனைவதால், தண்டு செல்லும் வழியில் உள்ள புஷ் ஒருபுறமாகத் தேய்கிறது. மேல்முனையை உடலோடு இணைக்கும் ரப்பர் தாங்கியும் அதிலுள்ள பேரிங்கும் தேய்ந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கடகட ஒலியோ இறுக்கமோ தோன்றும். ஸ்ட்ரட்டை மாற்றினால் சக்கரத்தின் சாய்வும் மாறக்கூடும் என்பதால் வீல் அலைன்மென்ட் செய்வது அவசியமாகிறது. ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் கார் இருபுறமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றும் நெறியும் வலுப்பெற்றது.

முன்சக்கர இயக்கக் கார்களில் என்ஜினும் கியர்பெட்டியும் குறுக்காக அமர இடம் வேண்டியிருந்ததால், இடத்தை மிச்சப்படுத்தும் ஸ்ட்ரட் 1970களில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சிறு கார்களின் பொது அமைப்பாயிற்று. இந்தியாவில் அந்த மாற்றத்தைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. அதற்கு முந்திய தலைமுறையில், சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்புறம் இரட்டைக் கையும் சுருள் வில்லுக்குள் நிற்கும் ஷாக் அப்சார்பரும் இருந்தன. பின்புறம் ஒரு பட்டை வில் குறுக்காகக் கிடந்தது. பட்டை உடைந்தால் மாற்றியும், ஷாக் அப்சார்பர் போனால் அதை மட்டும் கழற்றியும் பழகிய மெக்கானிக்குகளுக்கு, அழுத்தி வைத்த சுருள் வில்லைக் கருவி கொண்டு அடக்கிக் கட்டியபின்பே பிரிக்க வேண்டிய ஸ்ட்ரட் புதிய கைவேலையாக இருந்தது. கட்டாமல் மேல் நட்டைத் திறந்தால் வில் தெறித்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். 1961இல் தொடங்கப்பட்டு, கிளீவ்லாந்து ஸ்னப்பரின் பெயரையே தாங்கிய கேப்ரியல் இந்தியா என்ற ஷாக் அப்சார்பர் நிறுவனம் பின்னாளில் ஒசூரிலும் தொழிற்சாலை அமைத்தது. பழைய ஷாக் அப்சார்பரைப் பிரித்துச் சீலும் ஆயிலும் மாற்றித் தரும் சிறு பட்டறைகளும் நாடெங்கும் இயங்கிவந்தன. மூடப்பட்ட கருவியை மீண்டும் திறக்கத்தக்கதாக்கிய அவர்களின் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் சீல் மாற்றுவதால் தேய்ந்த வால்வும் குழி விழுந்த தண்டும் புதிதாகிவிடா.

வாயு நிரப்பிய வகை வந்தபோது அறிகுறிகள் மேலும் சிக்கலாயின. வேகமாக இயங்கும்போது எண்ணெயில் குமிழ்கள் தோன்றி நுரைப்பதும், நுரைத்த எண்ணெய் எதிர்ப்பை இழப்பதும் இரட்டைக் குழல் வகையின் பலவீனம். பிரெஞ்சு இயற்பியலாளர் கிறிஸ்டியன் பூர்சியே தெ கார்பன், ஒற்றைக் குழலில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரித்து வைத்து இதைத் தீர்த்தார். ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் அவ்வுரிமையை 1950களில் பெற்று 1957இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு அதைத் தொடர் உற்பத்தியில் வழங்கியது. இரட்டைக் குழல் வகையிலும் குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பும் வழக்கம் பிறகு பரவியது. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரைக் கழற்றித் தண்டை உள்ளே தள்ளி விட்டால் அது தானாக வெளியே வரும். வராவிட்டால் வாயு போய்விட்டது என்று பொருள். இதை அறியக் கழற்ற வேண்டும். வண்டியில் பொருத்திய நிலையிலோ, இத்தகைய கார்களின் விறைப்பும் ஸ்ட்ரட்டின் உராய்வும் சேர்ந்து, கை அழுத்தச் சோதனையை ஏறக்குறைய பயனற்றதாக்கின.

அளவீட்டின் மூலம் தீர்வு காண முயன்றது ஐரோப்பா. 1971இல் அமைந்த ஐரோப்பிய ஷாக் அப்சார்பர் உற்பத்தியாளர் சங்கம், யூசாமா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது, 1976இல் ஒரு சோதனை முறையைப் பரிந்துரைத்தது. சக்கரம் ஒரு தட்டின் மேல் நிற்கும். தட்டு 6 மில்லிமீட்டர் அளவுக்கு நொடிக்கு 25 முறை அதிரத் தொடங்கி மெல்ல வேகம் குறையும். குறையும் வழியில் சக்கரத்தின் இயல்பான துள்ளல் வேகத்தை அது தொடும்போது ஒத்ததிர்வு நிகழ்ந்து, டயர் தட்டை அழுத்தும் விசை மிகவும் குறையும். அந்த மிகக் குறைந்த விசையை, வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள விசையின் விழுக்காடாகக் கணக்கிட்டால் பிடிப்பின் அளவு கிடைக்கிறது. 60க்கு மேல் இருப்பது மிக நன்று எனவும், 20க்குக் கீழ் இருப்பது மோசம் எனவும் வகுத்தனர். கையால் தொட முடியாத சக்கரத் துள்ளலை நேராக அளந்தது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

குறையும் இருந்தது. பிடிப்பின் அளவு ஷாக் அப்சார்பரை மட்டும் பொறுத்ததன்று; டயரின் காற்றழுத்தமும் அச்சின் மேலுள்ள எடையும் அதைப் பாதிக்கின்றன. பின்புறம் எடை குறைந்த சிறிய முன்சக்கர இயக்கக் கார், ஷாக் அப்சார்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் குறைந்த எண்ணையே காட்டக்கூடும். எனவே தனித்த எண்ணைவிட, இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம்புவது அறிவுடையது என்னும் கருத்து வலுப்பெற்றது. வாகனத் தகுதிச் சோதனை பற்றிய 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணையும் கசிவையும் தளர்வையும் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதைப் பொது விதியாக வைத்துக்கொண்டு, தணிப்பை அளப்பதை உறுப்பு நாடுகளின் விருப்பத்துக்கு விட்டது.

அமெரிக்காவில் இக்கேள்வி வேறு வழியில் பொதுமன்றத்துக்கு வந்தது. வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாத பாகம், தரகுத்தொகைக்கு வேலை செய்யும் விற்பனையாளரிடம் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1992 சான்றாக நிற்கிறது. அவ்வாண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் நிறுவனத்தின் கார் பராமரிப்பு மையங்கள் தேவையற்ற பழுதுகளைச் சொல்லி விற்பதாகக் குற்றஞ்சாட்டியது. மற்றப் பாகங்கள் நல்ல நிலையில் இருக்க, பிரேக் மட்டும் தேய்ந்த கார்களை அதிகாரிகள் அடையாளம் காட்டாமல் கொண்டு சென்ற 38 முறைகளில் 34 முறை தேவையற்ற வேலை பரிந்துரைக்கப்பட்டதாகவும், சராசரியாக 223 டாலர் கூடுதலாக வாங்கப்பட்டதாகவும் அரசு கூறியது. ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட், வில் ஆகியவற்றை இத்தனை விற்றாக வேண்டும் என்ற இலக்கு முறை பணியாளர்மேல் சுமத்தப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டின் மையப் பகுதி. ஏமாற்றும் நோக்கம் இல்லை என மறுத்த நிறுவனம், தரகு முறையைக் கைவிட்டு, வாடிக்கையாளருக்கு ஈடு தந்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

இதன் பின் பழுதுத் தொழிலின் அமைப்புகள் தமக்கென ஒழுங்குகளை வகுத்தன. மோட்டாரிஸ்ட் அஷ்யூரன்ஸ் புரோகிராம் என்ற அமைப்பு, மாற்றியே ஆக வேண்டியவற்றையும் மாற்றலாம் எனப் பரிந்துரைக்கத்தக்கவற்றையும் பிரித்து எழுதும் நெறியைத் தந்தது. எண்ணெய் ஒழுகுதல், தண்டு வளைதல், பொருத்துமிடம் உடைதல் முதலியன முதல் வகை. 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர், ஓடியபின் மாற்றுவது நன்று என்ற உற்பத்தியாளர்களின் எண் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு மைலுக்கு 1,750 முறை இயங்குகிறது என்ற கணக்கை அவர்கள் இதற்கு ஆதாரமாகச் சொன்னார்கள். அப்படியானால் 50,000 மைலுக்குள் அது எட்டேமுக்கால் கோடி முறை அசைந்திருக்கும். இந்த எண்ணை விற்பனைத் தந்திரம் என்று முற்றாகத் தள்ளுவது தவறு. சட்டமாகக் கொள்வதும் தவறு. சீரான நெடுஞ்சாலையில் ஓடிய காரும், வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த தெருக்களில் அதே தொலைவு ஓடிய காரும் ஒரே அளவு தேய்வதில்லை. அந்தத் தொலைவு சோதித்துப் பார்க்க வேண்டிய நேரத்தைக் குறிக்கிறது என்று கொள்வதே பொருத்தமானது.

2002இல் கேடிலாக் செவில் காரில் வந்த, காந்தப்புலத்தால் திரவத்தின் தடிப்பை நொடிக்கு நொடி மாற்றும் ஷாக் அப்சார்பர், மின்சுற்றில் குறை நேர்ந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும். சீல் கசிவதை அதன் கணினி நேராகக் காண்பதில்லை. ஆகவே மின்னணு வகையானாலும் பழைய வகையானாலும் மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் குழலின் மேல் விளக்கடித்துப் பார்க்க வேண்டியே இருக்கிறது. சீலுக்கு அருகே தூசு ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, ஏனெனில் தண்டு வழுவழுப்பாக இயங்கச் சீல் சிறிதளவு எண்ணெயை விட்டே ஆகும். குழலின் கீழ்ப்பாதி வரை ஈரம் இறங்கிச் சொட்டினால் அது கசிவு. இவ்விரண்டையும் பிரித்தறியாத கண்ணில் நல்ல ஷாக் அப்சார்பர்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன. கசிவே இல்லாமல் உள்வால்வு தேய்ந்தவையோ, டயரில் விழுந்த மேடுபள்ளத் தேய்வைக் கையால் தடவிப் பார்க்கும் ஒருவர் வரும்வரை வண்டியிலேயே தங்கிவிடுகின்றன.